விருந்தாளித் தண்ணி

வாங்க மேடம், உள்ள வாங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. வெண்ணிலா, மேடத்துக்குத் தண்ணி கொண்டாம்மா. என் தம்பி சம்சாரம்ங்க. உள்ள பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கு, வந்துரும். டெஸ்ட்டுக்குக் கொண்டாந்த பாட்டிலையெல்லாம் எதுக்கு இப்பவே வெளிய எடுத்து வெக்கறீங்க? தண்ணி எங்க ஓடிடப் போவுது, பையிலயே இருக்கட்டும்.

நாந்தான் முனிரத்தினம். இந்த வார்டு மெம்பர். மெம்பருன்னா, பேரு என் சம்சாரம் மாதம்மா பேருல இருக்கு, பொம்பளைங்க வார்டுன்னு ஒதுக்கிட்டாங்க. கையெழுத்து அது போடும், பேசறது நான். அது இப்ப நல்ல தண்ணிக்குப் போயிருக்கு. ஆத்துக்கு அந்தாண்ட ஊருல கோயில் கெணறு ஒண்ணு இருக்கு, அங்கதான். அது இருந்தாலும் என்னையத்தான் கை காட்டும், அதனால எங்கிட்டயே கேளுங்க.

யாரோ எங்க ஊருக்காரங்க உங்க ஆபீசுக்கு கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டாங்கன்னு சொல்றீங்க. போட்டோ எல்லாம் வெச்சு அனுப்பியிருக்காங்கன்னு சொல்றீங்க. பேரு சொல்லக் கூடாதா? சரி, சொல்ல வேணாம். ஆனா எவன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேக்கணும் மேடம். இந்த சின்னமரத்தள்ளியில கம்ப்யூட்டர்ல எழுதற அளவுக்குப் படிச்சவன் எவன் இருக்கான்? படிச்சவனெல்லாம் ஓசூருக்குப் போயிட்டான். வெண்ணிலாதான் பிஎஸ்சி படிச்சிருக்கு, அதுக்குப் பாப்பாவப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்.

வெப்சைட்டுல எங்க ஊருக்குப் பச்சைப் புள்ளி எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்க. அதைச் சொல்லணும்னா செவப்புப் புள்ளியில இருந்து சொல்லணும்.

முன்னெல்லாம் தண்ணி எடுத்துட்டுப் போறவங்க வருவாங்க. நாலு பாட்டிலு புடிப்பாங்க, ஜீப்பு ஏறுவாங்க, போயிடுவாங்க. அந்தத் தண்ணியில என்னா இருந்துச்சுன்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்ல. எங்க பல்லைப் பாருங்க மேடம். பாக்கு போட்டுக் கறையானதுன்னு நெனைப்பீங்க, நான் வெத்தலையே தொடமாட்டேன். போர் தண்ணியில ஏதோ புளோரைடாம். நாப்பது வயசுல எங்க ஆளுங்க குனிஞ்சா நிமிர முடியாது. ஏன்டா இப்படின்னு கேட்டா, ஆபீசுல ரிப்போர்ட் வரலேம்பாங்க. நாங்க ரோட்டுல உக்காந்தோம். நாந்தான் முன்னால உக்காந்தேன். எங்க ஊரு தண்ணியில இருக்கறது எங்களுக்குத் தெரியக் கூடாதாய்யா, அதுல என்னா ரகசியம்னு கேட்டேன். அப்ப ஒரு அதிகாரி வந்தாரு, நல்ல மனுசன். இனிமே எல்லாத்தையும் வெப்சைட்டுல போடப் போறோம், ஊருக்கு ஒரு புள்ளி, நல்லா இருந்தா பச்சை, கெட்டுப் போயிருந்தா செவப்பு, யாரு வேணா போன்லயே பாத்துக்கலாம்னாரு.

எங்க ஊரு செவப்புன்னு வந்த அன்னிக்கு நாங்க சரவெடி போட்டோம் மேடம். சிரிக்காதீங்க. எத்தனை வருசமாச் சொல்றோம், ஒருத்தன் நம்பல. இப்ப கவர்மெண்ட்டே செவப்புன்னு எழுதிடுச்சு. இனிமே பொழுது விடிஞ்சிடும்னு நெனைச்சோம். கோயில்ல பொங்கல் வெச்சோம். அதுக்குக்கூட நல்ல தண்ணிதான் எடுத்துட்டு வந்தோம், போர் தண்ணியில பொங்கல் கொழையாது.

பாக்க வேண்டியவன் ஒருத்தனும் அந்தப் புள்ளியைப் பாக்கல. பாக்கக் கூடாதவனெல்லாம் பாத்தான்.

பஞ்சாயத்துல சுத்திகரிக்கற மெஷினு ஒண்ணு வெச்சாங்க, இல்லேங்கல. தொறப்பு விழா அன்னிக்கு ஓடுச்சு, அப்பறம் ஓடுனா ஓடும், நின்னா நிக்கும். ஆனா பொண்ணு எடுக்க வர்றவன், பொண்ணு குடுக்க வர்றவன், தரகன், எல்லார் கையிலயும் போனு. என் தம்பி சென்றாயனுக்குப் பாத்துக்கிட்டு இருந்த நேரம் அது. அரூருப் பக்கம் ஒரு குடும்பம், நல்ல மனுசங்க, வந்தாங்க. உக்காந்தாங்க. பொண்ணோட அண்ணங்காரன் போனைத் தடவிக்கிட்டே இருந்தான். அப்பங்கிட்டக் காட்டுனான். அவரு எந்திரிச்சுப் போயி செருப்பை மாட்டிக்கிட்டாரு. தட்டுல வெச்ச கேசரி அப்படியே இருந்துச்சு. என் தம்பி அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னான் மேடம். அவனுக்கு என்னா கொறை? உழைக்கிற பையன். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்ட கதையாப் போச்சு எங்க கதை.

எங்க ஊடு மட்டும் இல்ல. ஊரே அப்படித்தான். அந்த வருசம் எங்க ஊருல ஒரு பந்தக்கால் நடல. என் பொண்ணு கவுசல்யா அப்ப பள்ளிக்கூடம். அது வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கப் பழகிக்கிச்சு. நான் சொல்லித் தரல, அவங்கம்மாவும் சொல்லித் தரல. ஒரு நாள் பாத்தா கையை வாய்மேல வெச்சுக்கிட்டுச் சிரிக்குது. பெத்தவனுக்கு அதுக்கு மேல என்னா வேதனை வேணும், சொல்லுங்க.

அதனால மறுபடி போனோம். ஊரே போனோம். அந்தப் புள்ளியை எடுங்கன்னு மனு குடுத்தோம். எடுக்க முடியாது, அது மக்களோட தகவல், மறுபடி டெஸ்ட் எடுத்தா புதுசா வர்ற கலரு விழும்னாங்க. சரி, எடுங்கன்னோம்.

சித்திரை வெயில்ல ஒரு பையன் ஸ்கூட்டர்ல வந்தாரு. மொகமெல்லாம் வத்திப் போயி. அன்னிக்கு கரண்ட் இல்ல, போர் ஓடல, டேங்க்குல சொட்டுத் தண்ணி இல்ல. எங்க போறதுன்னு தெரியாம இந்த வாசல்ல வந்து நின்னாரு. எங்க ஊருல ஒரு வழக்கம் இருக்குங்க. எல்லார் ஊட்டுலயும் ரெண்டு குடம் இருக்கும். ஒண்ணு போர் தண்ணி, எங்களுக்கு. இன்னொண்ணு துணி கட்டி மூலையில இருக்கும், கோயில் கெணத்துத் தண்ணி, அது வர்றவங்களுக்கு. ஊட்டுப் புள்ளைங்க தொட்டாக்கூட ஒண்ணு வெப்போம். வந்த மனுசனுக்குப் போர் தண்ணியக் குடுத்து மொகம் சுளிக்க வெச்சா அதை விடக் கேவலம் என்னா இருக்கு? மாதம்மா சொம்புல மொண்டு குடுத்துச்சு. அந்தப் பையன் ஒரே மூச்சுல குடிச்சாரு. இன்னொரு சொம்பு குடிச்சாரு. அப்பறம் பாட்டிலை நீட்டி, இதுலயே ஊத்திடுங்கக்கான்னாரு.

மாதம்மா என்னையப் பாத்துச்சு. நான் ஊத்துன்னேன்.

இதுல ஏமாத்து எங்க இருக்கு மேடம்? நாங்களா வழி மறிச்சுக் குடுத்தோம்? அவரே கேட்டாரு. எங்க ஊட்டுல இருந்த தண்ணிதான். வந்தவங்களுக்கு எதைக் குடுப்போமோ அதைக் குடுத்தோம். வந்த விருந்தாளிக்கு ஒரு தண்ணி, அவரு பாட்டிலுக்கு ஒரு தண்ணின்னு தனியா ஊத்த முடியுமா?

பச்சை விழுந்துச்சு. அப்பறம் பாருங்க, ஊரு எப்படி ஆச்சுன்னு. மேளச் சத்தம் கேக்காத முகூர்த்தமே இல்ல. எல்லாரும் என்னையத்தான் முன்னால உக்கார வெச்சாங்க, முனிரத்தினம்தான் ஊருக்கு நல்லது பண்ணவன்னு. மாலை போட்டாங்க. இப்பவும் அந்த போட்டோ இருக்கு, அதோ மாட்டியிருக்கேன் பாருங்க.

வெண்ணிலாவை அப்பத்தான் எடுத்தோம். அவங்கம்மா இந்த எடத்துலதான் உக்காந்திருந்தாங்க, நீங்க உக்காந்திருக்கற எடம். போன்ல பச்சையப் பாத்துட்டுத்தான் வந்தாங்க. தண்ணி குடுத்தோம். குடிச்சுட்டு, எளநி மாதிரி இருக்கே சம்பந்தி, எம்பொண்ணு குடுத்து வெச்சவன்னாங்க. எனக்கு அப்ப எப்படிப் பெருமையா இருந்துச்சு தெரியுங்களா.

கல்யாணமாகி மறுநாளோ அதுக்கு மறுநாளோ, அந்தப் பொண்ணு போர் தண்ணிய ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்புச்சு. எங்கிட்ட வந்து, மாமா, அன்னிக்கு எங்கம்மா குடிச்ச தண்ணி எதுன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அது விருந்தாளித் தண்ணிம்மா, நீ இப்ப ஊட்டு மனுசியாயிட்டேன்னேன். எவ்வளவு ஆசையாச் சொன்னேன். அது சிரிக்கல. அன்னிக்கில இருந்து எங்கிட்ட அதிகமாப் பேச்சு இல்ல. மரியாதைக் கொறைவு கெடையாது, நல்ல பொண்ணு. பேச்சுத்தான் இல்ல.

வெண்ணிலா, தண்ணி கேட்டேனேம்மா. வருதுங்க மேடம். பாப்பா ஒரு வாய்ச் சோத்துக்கு ஒம்போது கதை கேக்கும்.

தன்ஷிகான்னு பேரு. எனக்கு அது வாயில நுழையாது, பாப்பான்னுதான் கூப்பிடுவேன். இப்ப அஞ்சு வயசு. நடக்க ஆரம்பிச்சப்ப நல்லாத்தான் நடந்துச்சு. அப்பறம் முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கீழ பாதம் ரெண்டும் வெலகிப் போயிடுச்சு. ஓடுனா விழுந்துடும். டவுனுல டாக்டரு தண்ணிய மாத்துன்னு எழுதிக் குடுத்தாரு. வெண்ணிலா அந்தச் சீட்டை எங்கிட்டக் கொண்டாந்து நீட்டுச்சு. புள்ளைங்க காலு வளர வளர நேராவும்மான்னு நான்தான் தைரியம் சொன்னேன். தண்ணிய எங்க மாத்தறது? கோயில் கெணத்துல ஊட்டுக்கு ஒரு குடத்துக்கு மேல விட மாட்டாங்க, அந்த ஊர்க்காரங்களுக்கே பத்தல. கேன் வண்டி எங்க ரோட்டுல ஏறாது. அந்த மெஷினும் போச்சு, பச்சை ஊருக்கு எதுக்கு மெஷினுன்னு ரிப்பேர் பாக்க வர்றதை நிறுத்திட்டாங்க. இருக்கற ஒரு குடத்தையும் புள்ளைக்குக் குடுத்துட்டா, நாளைக்கு ஒருத்தர் வாசல்ல வந்து நின்னா எதை மொண்டு நீட்டுவேன்?

எனக்கு வலிக்கலேன்னு நெனைச்சுக்காதீங்க மேடம். தெனம் நாந்தான் பாப்பாவத் தோள்ல தூக்கிட்டு பால்வாடிக்குப் போறேன். மத்தப் புள்ளைங்க முன்னால ஓடும். பெரியப்பா, நீ ஓடு, நாம ஜெயிக்கலாம்னு என் தலைமயிரைப் புடிச்சு இழுக்கும். நான் ஓடுவேன். என் இடுப்புக்கு ஓட முடியாது, இருந்தாலும் ஓடுவேன். தோள்ல உக்காந்துக்கிட்டுக் கைதட்டும். சில நாளு அதைப் பால்வாடியில எறக்கி விட்டுட்டு, திரும்பி வர்ற வழியில புளியமரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்து அழுதுட்டுத்தான் வருவேன். யாருக்கும் தெரியாது.

இப்ப என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. காவிரித் தண்ணி வந்துச்சு. எல்லா ஊருக்கும் கொழா போட்டாங்க. அதோ, வாசலுக்கு நேரா மண்ணு மேடா இருக்கு பாருங்க, அதுக்குக் கீழதான் பெரிய பைப்பு போவுது. எங்க தெருவைத் தோண்டி, எங்க வாசலைப் பேத்து, அடுத்த ஊருக்குப் போவுது. எங்களுக்கு ஒரு கொழா இல்ல. ராத்திரியில படுத்தா பாப்பா தரையில காதை வெச்சு, பெரியப்பா தண்ணி ஓடுதுங்கும். நானும் வெச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல.

விடுவேனா? மறுபடி ரோட்டுல உக்காந்தோம். இஞ்சினியரு வந்தாரு. போனை எடுத்து நீட்டுனாரு. உங்க ஊரு பச்சைங்க, தண்ணி தங்கமா இருக்கு, செவப்பு ஊருக்குத்தான் மொதல்லன்னு உத்தரவுன்னாரு. அந்த வெப்சைட்டு பொய்யின்னேன். அதுக்கு அந்தாளு சொல்றான், தகவலைப் போடுன்னு ரோட்டுல உக்காந்தது நீங்க, மறுபடி எடுன்னு மனு குடுத்தது நீங்க, இப்ப அதுவும் பொய்யின்னா நான் எதைத்தான் நம்பறதுங்கறான். நான் அவனைக் கேக்க வேண்டிய கேள்வியை அவன் என்னையக் கேக்கறான் மேடம். பின்னால கூட்டம் நிக்குது. ஒருத்தன் வாயைத் தொறந்து, அது போர் தண்ணி இல்லீங்கன்னு சொல்லல. எல்லார் ஊட்டுலயும் கட்டிக் குடுக்கற வயசுல ஒரு புள்ளை இருக்கு. கலைஞ்சு வந்துட்டோம்.

நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க. இப்படி இருந்தா ஜனங்க கவர்மெண்ட்டை எப்படி நம்பும்? எல்லாத்தையும் தொறந்து வெச்சிருக்கோம்ங்கறாங்க. தொறந்து வெச்சு என்னா பண்றது, உள்ள இருக்கறது பொய்யா இருந்தா? எவனாவது ஒருத்தன் வந்து, இந்தப் புள்ளைக்கு ஏன் காலு இப்படி இருக்குன்னு கேட்டிருக்க வேணாமா? அந்த ஸ்கூட்டர்ப் பையன் டேங்க்குல எடுக்காம ஊட்டுல எடுத்தானே, அவனைக் கேக்கறதுக்கு ஆளு இல்லையா? கேக்க மாட்டாங்க. பச்சையாப் போச்சுன்னா அவங்களுக்கும் வேலை மிச்சம்.

தெரியுங்க, நீங்க வந்திருக்கறது அதுக்குத்தான். இப்ப எடுத்துட்டுப் போனா நாளைக்கே புள்ளி மாறிடும், காவிரிக் கொழா போடற அடுத்த பட்டியல்ல எங்க ஊரும் வந்துடும்னு சொல்றீங்க. பட்டியல் இந்த மாசத்தோட மூடிடும்னும் சொல்றீங்க. புரியாம இல்ல. எனக்குக் கையெடுத்துக் கும்புடணும் போல இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கவுசல்யாவை வர்ற வெள்ளிக்கெழம பாக்க வர்றாங்க. பையன் போலீசு. ஏற்கெனவே போனைப் பாத்துட்டாங்க, பச்சைன்னு தெரிஞ்சுதான் நாள் குறிச்சிருக்காங்க. பல்லு பத்திக்கூட ஒண்ணும் கேக்கல, போட்டோவுல வாயை மூடியிருந்ததால தெரியல போல. இந்தப் பொண்ணு ஒண்ணு கரையேறிடட்டும். வைகாசியில முகூர்த்தம் வெச்சுக்குவோம், அது முடிஞ்ச மறுநாளு நீங்க வாங்க. நானே போர்ல புடிச்சு, உங்க பாட்டிலு அத்தனையும் ரொப்பித் தரேன். செவப்பு இல்ல, கறுப்பே போடுங்க, ஏன்னு கேக்க மாட்டேன். பட்டியல் மூடுனா அடுத்த பட்டியல் வராமலா போயிடும். பாப்பாவுக்கு வயசு இருக்கு. கவுசல்யாவுக்கு வயசு ஏறுது.

இல்ல, இன்னிக்கே எடுத்துத்தான் ஆவணும், மேலதிகாரி கேப்பாங்கன்னா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. மூலையில துணி கட்டியிருக்கு பாருங்க, அந்தக் குடம். அதுல எடுத்துக்குங்க. யாரு கேட்டாலும் மெம்பர் ஊட்டுத் தண்ணின்னு எழுதிக்குங்க. பொய் இல்லியே.

வந்துட்டியா, வாம்மா. பாப்பாவும் வந்துடுச்சா, சொவரைப் புடிச்சுக்கிட்டு வா, மெதுவா. இதான் மேடம் எங்க பாப்பா. வணக்கம் சொல்லு. வெண்ணிலா, சொம்பை மேடம் கையில குடு. நல்லாக் குடிங்க மேடம், பேச்சுலயே நேரம் போயிடுச்சு.

இருங்க. வெண்ணிலா, அந்தக் குடத்துத் துணி கட்டுனபடியே இருக்கே. நீ எதுல மொண்டே? உன்னையத்தாம்மா கேக்கறேன். ஏன் என்னைய அப்படிப் பாக்கற? வந்தவங்களுக்கு எதைக் குடுக்கணும்னு உனக்குத் தெரியாதா?

மேடம், குடிச்சிடாதீங்க. கீழ வெச்சிடுங்க, உங்களுக்கு ஒடம்புக்கு ஆகாது. அது பாப்பா குடிக்கிற தண்ணி.